இடித்த வீட்டு ஜல்லியில் போட்ட கான்கிரீட்: ஆறு வருடம் கழித்து

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பழைய கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்குகிறேன் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். திரும்பின பக்கமெல்லாம் கல் குவாரியும் கிரஷரும். எங்கள் மேஸ்திரியும் சிரித்தார். ஆனால் 2019இல் காவேரிப்பட்டணம் பக்கம் அப்பா கட்டின வீட்டை இடித்தபோது தளமும் பீமுமாக ஏழெட்டு லோடு குவிந்துவிட்டது, ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையில் தள்ளிவிடலாம் என்றார் டிப்பர்காரர், எனக்கு மனசு வரவில்லை. மற்றபடி பெரிய கொள்கை எதுவும் இல்லை.

கம்பியைப் பிரித்து இரும்புக் கடையில் போட்டோம். பெரிய துண்டுகளைச் சம்மட்டியால் உடைத்து, தெரிந்த ஒருவரின் கிரஷரில் கொடுத்து முக்கால் ஜல்லியாக நொறுக்கி வாங்கினேன். நிஜமான வேலை அதற்கு அப்புறம்தான். செங்கல் துண்டு, சுவர்ப் பூச்சு, டைல்ஸ் சில்லு, மரச்சிராய் எல்லாவற்றையும் பொறுக்கிச் சலிக்க இரண்டு பேருக்கு நான்கு நாள் கூலி. வண்டி வாடகையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் புது ஜல்லியே இறக்கியிருக்கலாம். காசு மிச்சமாகும் என்று நினைத்து இதில் இறங்காதீர்கள், குறைந்தபட்சம் நம் ஊரில்.

எங்கே போடலாம் என்பதற்கு, கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் பற்றிய இந்தியத் தரநிலையான ஐஎஸ் 383இன் 2016 பதிப்பில் வரம்பு இருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்25 வரைக்கும்தான் (எம் எண் கான்கிரீட்டின் வலிமைத் தரம், எண் கூடினால் வலிமை கூடும்), அதிலும் மொத்த ஜல்லியில் 20 சதவீதம். கம்பி இல்லாததில் 25. எம்15க்குக் கீழான மெலிந்த கலவையில் முழுக்கவே போடலாம். செங்கல், ஓடு கலந்த இடிபாட்டு ஜல்லி என்றால் இந்தக் கடைசி வகைக்கு மட்டும்தான். நான் பில்லர், பீம், மேல்தளம் பக்கமே இதைக் கொண்டுபோகவில்லை; 20 சதவீதத்துக்காக யார் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது? அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் ஒன்றுக்கு நாலு எட்டு (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் முழுக்கப் பழைய ஜல்லி, முன்வாசல் களத்துக்குக் கால் பங்கு. அஸ்திவாரத்தில் போட்டது மண்ணுக்கடியில் கிடக்கிறது, சுவரில் இதுவரை விரிசல் இல்லை, அதற்குமேல் சொல்லத் தெரியாது.

களம்தான் பாடம் கற்றுக்கொடுத்தது. முதல் நாள் காய்ந்த ஜல்லியை அப்படியே மிக்சரில் போட்டோம். சித்திரை வெயில் வேறு. கொட்டி இழுப்பதற்குள் கலவை இறுகிவிட்டது. "அண்ணே, இந்தக் கல்லு தண்ணியக் குடிக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே மேஸ்திரி ஒரு குடம் தண்ணீரை உள்ளே ஊற்றினார், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது சரிதான். நம் கருங்கல் ஜல்லி தண்ணீரை இழுப்பது ஒரு சதவீதம்கூட இருக்காது. பழைய ஜல்லியின் மேல் ஒட்டியிருக்கும் சிமெண்ட் சாந்து பஞ்சு மாதிரி, அதைவிடப் பல மடங்கு இழுக்கும். ஆனால் அதற்கு மருந்து கலவையில் தண்ணீர் ஊற்றுவது அல்ல. மறுநாள் பாதிக்கு, முந்தின சாயங்காலமே ஜல்லியைத் தொட்டியில் ஊறப்போட்டு, காலையில் வடித்து, ஈரச் சாக்கால் மூடி வைத்து எடுத்தோம். கலவை சொன்னபடி கேட்டது.

இன்றைக்கு வந்து பார்த்தாலும் எந்தப் பாதி எந்த நாள் போட்டது என்று கோடு கிழித்துக் காட்டிவிடலாம். முதல் நாள் பாதியில் இரண்டாவது கோடையிலேயே மயிரிழை விரிசல், பெருக்கினால் சாம்பல் நிறத் தூசி வந்துகொண்டே இருக்கும், ராகி காயப்போட முடியாது. ஊறவைத்த பாதியில் மாங்காய் சீசனுக்குக் கிரேட் ஏற்றின டிராக்டர் ஏறி இறங்குகிறது, ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பாதிக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: அங்கங்கே ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பள்ளம். ஆணியால் கிளறினால் பழைய பூச்சுக் கட்டி மாவாக உதிர்கிறது. நான்கு நாள் பொறுக்கியும் தப்பிப்போனவை.

மிச்சம் அரை யூனிட் வேப்பமரத்தடியில் கிடக்கிறது. மாட்டுக் கொட்டகைக்கு வேண்டுமென்று மச்சான் கேட்டிருக்கிறார். தொட்டி இருக்கிறதா என்று கேட்டேன், எதற்கு என்கிறார்.