நாலு மாத லீவுக்கு எழுபது புள்ளி

சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் நண்பர் கேட்டார்: "பையன் ரேங்க்டு ஆடணும்னு நச்சரிக்கிறான், விடலாமா?" வாட்ஸ்அப்பில் தட்டத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே எழுதுகிறேன். ஆறு வருடமாக ஒரே ஐவர் அணிக் கணினி விளையாட்டுதான் ஆடுகிறேன். ரேங்க்டு என்பது அதில் வென்றால் புள்ளி ஏறி, தோற்றால் இறங்கும் தரவரிசை ஆட்டம். பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள்.

ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சி முடிந்து வந்த வாரமே மகள் பிறந்தாள். நாலு மாதம் கணினிப் பக்கமே போகவில்லை. திரும்பிப் போனால் என் தரத்தைக் காட்டும் பதக்கத்தைக் காணோம், அந்த இடத்தில் ஒரு சாம்பல் வட்டம். சரி, ஆடினால் வந்துவிடும் என்று இறங்கினேன். முதல் ஆட்டம் தோல்வி. வழக்கமாக 25 புள்ளி போகும், அன்றைக்கு 70 போனது. அடுத்ததும் தோல்வி, 64. எங்கள் அணியில் ஒருவன் பத்தாவது நிமிடமே கிளம்பிவிட்டான், அதையும் என் கணக்கில்தான் எழுதியது. சர்வர் சிங்கப்பூரிலேயே இருப்பதால் பிங், அதாவது சர்வருக்குப் போய்வரும் தாமதம், 6 மில்லிவினாடிதான், அந்தச் சாக்கும் சொல்ல முடியாது.

கோபத்தில் இந்தப் புள்ளிக் கணக்கையே தோண்டிப் படித்தேன். எல்லாம் சதுரங்கத்திலிருந்து வந்தது. ஆட்டக்காரரின் திறமையை ஓர் எண்ணாக்கும் முறை, ஆர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியருடையது. 1960இல் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பும் 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயும் எடுத்துக்கொண்டன. 400 புள்ளி கூடுதலாக இருப்பவர் சராசரியாக 11 ஆட்டத்தில் 10ஐ வெல்வார் என்று அது எதிர்பார்க்கும், அதனால் அவர் வென்றால் கிடைப்பது சில்லறை, தோற்றால் கொத்தாகப் போகும். எலோவில் ஆளுக்கு ஒரே எண். 1995இல் மார்க் கிளிக்மன் தன் கிளிக்கோ முறையில் இன்னோர் எண்ணைச் சேர்த்தார்: அந்த முதல் எண்ணை எவ்வளவு சந்தேகிக்க வேண்டும் என்பது. ஆடாமல் கிடந்தால் சந்தேகம் ஏறும், சந்தேகம் ஏறினால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புள்ளி துள்ளும். நான் ஆடும் விளையாட்டிலும் இதே வகைக் கணக்குதான். நான் தண்டனை என்று குமுறிய 70, 'இந்த ஆள் இன்னும் பழைய ஆள்தானா?' என்று அது கேட்ட கேள்வி. மூன்றாவது ஆட்டத்தில் வென்றபோது 58 வந்தது, அதைப் பற்றி நான் யாரிடமும் புகார் சொல்லவில்லை.

முப்பது ஆட்டம் கழித்துப் பழைய இடத்துக்கு 90 புள்ளி கீழே நிற்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்குப் பால் புட்டி கழுவுகிறவனுக்கு அது சரியான இடம் என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனால் சரிதான். ஐந்து பேர் சேர்ந்து தோற்றதை ஒருவனின் திறமையாக மாற்றுவதில் மட்டும் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை. ஓடிப்போனவனும் நானும் ஒரே தோல்வியா? நூறு ஆட்டத்தில் சமமாகிவிடும் என்பார்கள். நூறு ஆட்டத்துக்கு யாரிடம் நேரம் இருக்கிறது?

கணக்கில் கள்ளம் இல்லை, நம்பலாம். ஆனாலும் நண்பரே, செகண்டரி 3 பையனுக்கு ரேங்க்டு வேண்டாம். சாதா ஆட்டமே ஆடட்டும். அங்கேயும் திரைக்குப் பின்னால் ஓர் எண் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அது அவன் கண்ணில் படாது, அவ்வளவுதான்.