3,200 ரூபாய் பெண்கள் ஹார்மோன் பேக்கேஜ்: எடுத்துப் பார்த்த அனுபவம்

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகும் ஒரு லேபில் ‘பெண்களுக்கான முழு ஹார்மோன் பேக்கேஜ்’ என்று இருக்கிறது. போன மாதம் எடுத்தேன். எனக்கு 46 வயது. ஒரு வருடமாகத் தூக்கம் சரியில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு நைட்டி நனைகிற அளவுக்கு வேர்க்கும், பீரியட்ஸ் ஒரு தடவை 22 நாளில் வரும், அடுத்தது 50 நாளுக்குத் தள்ளிப் போகும், வந்தால் கட்டி கட்டியாகப் போகும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். எல்லாம் ஹார்மோன்தான், ஒரே ரத்தத்தில் பார்த்துவிடலாம் என்று நினைத்துத்தான் பணம் கட்டினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சொன்னபடி ஆறரை மணிக்கு ரத்தம் எடுக்கும் தம்பி வந்துவிட்டார். புது ஊசியைக் கண்முன்னே பிரித்தார், ஒரே குத்து, கை வீங்கவில்லை, குழாயில் என் பெயரை ஒட்டி என்னிடமே காட்டினார். சாயங்காலம் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிட்டது. அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை.

ஆனால் பதிவு செய்யும்போதும் சரி, ரத்தம் எடுக்கும்போதும் சரி, கடைசியாக எப்போது பீரியட்ஸ் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டில் எஃப்எஸ்ஹெச் (முட்டையை வளர வைக்கும் ஹார்மோன், பீரியட்ஸ் நிற்கும் காலத்தில் ஏறும்) 38. அதற்குக் கீழே பொடி எழுத்தில் நான்கு வரி: மாதச் சுழற்சியின் முதல் பாதிக்கு ஓர் அளவு, முட்டை வெளிவரும் நேரத்துக்கு ஓர் அளவு, பின்பாதிக்கு ஓர் அளவு, பீரியட்ஸ் நின்றவர்களுக்கு ஓர் அளவு. தேதியே கேட்காமல் இதில் என் வரி எது என்று யார் சொல்வது? 38 என்பது நான்காவது வரிக்குள் வருகிறது, எனக்கோ 18 நாளுக்கு முன்புதான் பீரியட்ஸ் வந்திருந்தது. ஏஎம்ஹெச் என்ற இன்னொரு ஹார்மோன் பக்கத்தில் வேறு, குறைவு என்று சிவப்பு அம்புக்குறி. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்லை.

மறுநாள் டாக்டரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். “46 வயசு, வேர்க்குது, பீரியட்ஸ் முன்னபின்ன வருது. இதுக்கு மேல எஃப்எஸ்ஹெச் என்னம்மா சொல்லணும்? அடுத்த மாசம் எடுத்தா அதே 10னு வரும்” என்றார். 45 தாண்டிய பெண்ணுக்கு இந்த அறிகுறிகள் இருந்தால் எஃப்எஸ்ஹெச் பார்க்கத் தேவையில்லை என்று மருத்துவ நெறிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஏஎம்ஹெச் இந்த வயதில் குறைவாக இருப்பது இயல்பு, மிச்சமுள்ள முட்டைகள் எவ்வளவு என்று அது ஓரளவு காட்டும், ஐவிஎஃப் செய்பவர்களுக்குத்தான் அது பெரிதும் தேவைப்படும். நான் குழந்தைக்காகவா போனேன்?

அவர் எழுதிக் கொடுத்தது ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), அப்புறம் வயிற்றுக்கு ஒரு ஸ்கேன். ஹீமோகுளோபின் 8.9, அதாவது ரத்தசோகை. மூச்சு வாங்கியதற்குக் காரணம் அதுதான், 3,200 ரூபாய் பேக்கேஜில் அது இல்லவே இல்லை! பேக்கேஜில் எனக்கு உருப்படியாக இருந்தது தைராய்டு ஒன்றுதான், அதையும் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. முடி கொட்டுகிறது என்று நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையில் பயோட்டின் என்ற வைட்டமின் இருந்தது, சில கருவிகளில் அது தைராய்டு டெஸ்டில் பார்க்கும் டிஎஸ்ஹெச் அளவைத் தப்பாகக் காட்டிவிடுமாம், அதனால் நிறுத்திவிட்டு சில நாள் கழித்து எடுக்கச் சொன்னார்.

ஹார்மோன் டெஸ்டே வீண் என்று நான் சொல்லவில்லை. 40 வயதுக்குள் மாதக்கணக்கில் பீரியட்ஸ் நின்றுபோனால் கட்டாயம் பார்க்க வேண்டும் (கர்ப்பமா என்று முதலில் பார்த்துவிட்டு). எஃப்எஸ்ஹெச் அதிகமாக வந்தால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் கழித்து இன்னொரு முறை எடுக்கச் சொல்வார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்காதபோதே மார்பில் பால் கசிந்தால் புரோலாக்டின். குழந்தைக்கு முயற்சி செய்பவர்களுக்கு, முட்டை வெளிவந்ததா என்று காட்டும் புரோஜெஸ்டிரோன், அதையும் பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து 21-ஆம் நாள் எடுப்பது என்பது 28 நாள் கணக்குக்காரர்களுக்குத்தான், 35 நாளுக்கு ஒரு முறை வருகிறவர்கள் 28-ஆம் நாள் எடுக்க வேண்டும், அதாவது அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பு. கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் (முட்டையை வெளிவரச் செய்யும் ஹார்மோன்) எடுத்தால் அந்த எண்ணை நம்ப முடியாது.

ரத்தம் எடுத்த விதத்துக்கு ஐந்துக்கு ஐந்து தருகிறேன், பேக்கேஜுக்கு ஒன்றுதான். இதே லேபில் டெஸ்டுகளைத் தனித்தனியாகவும் எடுக்கலாம். அக்கா மகளுக்கு 24 வயது, நான்கு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை, தாடையில் முடி வளர்கிறது. அவளும் இந்தப் பேக்கேஜைத்தான் எடுக்க இருந்தாள். டாக்டரிடம் கூட்டிப்போனேன், டிஎஸ்ஹெச், புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), 17 ஓஹெச்பி (அட்ரினல் சுரப்பி சார்ந்த ஹார்மோன்) என்று நான்கே எழுதினார். போன வாரம் அதே தம்பிதான் வந்தார். அவளுக்குக் கடைசியாகப் பீரியட்ஸ் வந்த தேதியையும் சாப்பிடும் மாத்திரைகளையும் சீட்டின் மேல் மூலையில் நானே எழுதிக் கொடுத்தேன், வாங்கிப் படித்துவிட்டுக் குழாயோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.