மாற்று உறுப்புப் படைப் பொம்மைகள்: வேலூர் வெயிலில் ஒரு நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஒரே அச்சில் வார்த்த வீரனைப் பத்து முறை வாங்கி வரிசையில் நிறுத்தினால் அது படை ஆகிவிடாது. அவர்கள் அனைவரும் ஒரே படையினர் என்பது முதல் பார்வையிலும், ஒவ்வொருவனும் தனி ஆள் என்பது அடுத்த பார்வையிலும் தெரிய வேண்டும். தலை, கை, தோள்கவசம், கால், ஆயுதம் ஆகியவற்றைக் கழற்றி ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடிய ஆக்‌ஷன் ஃபிகர்களை நான் தேடிச் சேர்ப்பதற்கு இதுவே காரணம். பல கோடைகளை இவற்றோடு வேலூரில் கழித்த பிறகு எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு: இவ்வகைப் பொம்மையை மதிப்பிடும்போது முகச் செதுக்கலையும் வண்ணப்பூச்சையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முளையும் குழியும் சேரும் மூட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

என் தலைமுறைக்கு இந்தப் பழக்கம் ஜி.ஐ. ஜோ என்ற அமெரிக்கப் படைவீரர் பொம்மை வரிசையிலிருந்து தொடங்கியது. ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1982இல் வெளியிட்ட 3.75 அங்குல உருவங்களின் முதுகில் ஒரே ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றினால் மார்பும் முதுகும் இரு பாதிகளாகப் பிரிந்து, தலையும் கைகளும் தனியே வந்துவிடும். இடுப்பையும் கால்களையும் மேலுடலோடு இழுத்துப் பிடித்திருப்பது ஓ-ரிங் எனப்படும் சிறு ரப்பர் வளையம் மட்டுமே. உறுப்பு மாற்றுவதற்காக அந்த அமைப்பு உருவாக்கப்படவில்லை என்றாலும், ஒரு திருகாணி முடுக்கி கையில் கிடைத்த சிறுவர்கள் எல்லோரும் அதை அப்படித்தான் பயன்படுத்தினார்கள். எம்.ஆர்.எஃப்., ஹாஸ்ப்ரோ ஆகியவற்றின் கூட்டு முயற்சியாக 1987இல் தொடங்கப்பட்ட ஃபன்ஸ்கூல் அதே அச்சுகளைக் கொண்டு இந்தியாவிலும் அவற்றை விற்றது. அமெரிக்கப் பதிப்பில் இல்லாத வண்ணச் சேர்க்கைகள் அவற்றில் இருந்ததால், வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றைத் தேடுகிறார்கள். அந்த நிறுவனத்துக்கு நம் ராணிப்பேட்டையிலும் ஒரு தொழிற்சாலை இருப்பதை வட ஆர்க்காட்டுக்காரனாக நான் மகிழ்ச்சியோடு குறிப்பிட விரும்புகிறேன்.

பழைய ஜி.ஐ. ஜோ பொம்மைகளின் ரப்பர் வளையம் காலப்போக்கில் வெடித்து அறுந்துவிடும். அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய நற்பண்பாகவே தெரிகிறது. ஏனெனில் மோட்டார் பம்பு பழுது பார்க்கும் கடையில் அளவு பார்த்து வாங்கிய வளையத்தைப் போட்டால் பொம்மை மறுபடியும் நிமிர்ந்து நிற்கிறது. முதல் முறை நான் ஒரு பொம்மையையே கடைக்கு எடுத்துச் சென்றபோது, கடைக்காரர், "எந்த மோட்டாருக்கு தம்பி?" என்று கேட்டார், பொம்மையைப் பார்த்ததும் நான்கைந்து அளவுகளை எடுத்துக் கல்லாப்பெட்டியின் மேல் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்க உதவினார். நாற்பது ஆண்டு பழைய ஒரு பொருளை உள்ளூர்க் கடையில் கிடைக்கும் உதிரிப் பாகத்தால் சரிசெய்ய முடிகிறது என்பது சாதாரணச் செய்தி அன்று.

கழற்றி மாற்றுவதையே நோக்கமாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டவற்றுக்கும் நீண்ட மரபு இருக்கிறது. ஜப்பானின் டகாரா நிறுவனம் 1974இல் மைக்ரோமேன் வரிசையைத் தொடங்கியது. அதிலிருந்து பிறந்த மைக்ரோநாட்ஸை மெகோ நிறுவனம் 1976இல் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றது. ஒரே அளவுள்ள முளை எல்லாப் பொம்மைகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்து, இன்று ஓனெல் டிசைனின் கிளையோஸ் மூட்டு முறையில் நிற்கிறது; வெவ்வேறு சிறு நிறுவனங்கள் அதே முளையைப் பயன்படுத்துவதால் ஒருவர் செய்த கை மற்றொருவர் செய்த உடலில் பொருந்துகிறது. இவற்றைவிட எனக்கு நெருக்கமானவை, 2013 முதல் கிக்ஸ்டார்ட்டர் இணையதள நிதி திரட்டல் வழியாக வந்த மூன்று வரிசைகள்: மராடர் நிறுவனத்தின் 1:18 அளவுப் (ஆள் உயரத்தில் பதினெட்டில் ஒரு பங்கு) போர்வீரர்கள், பாஸ் ஃபைட் ஸ்டூடியோ 2014இல் தொடங்கிய விட்ரூவியன் ஹேக்ஸ், ஃபோர் ஹார்ஸ்மென் ஸ்டூடியோஸ் 2015இல் கொண்டுவந்த மித்திக் லீஜியன்ஸ். இவற்றுள் கடைசி வரிசையில், பெயரும் கதையும் கொண்ட தலைவர்களோடு, எளிய வண்ணத்தில் கூட்டமாக வாங்குவதற்கென்றே 'லீஜியன் பில்டர்' என்ற சாதாரண வீரர்களையும் தனியே தருகிறார்கள். படை திரட்டுபவர்களுக்கு உண்மையான மதிப்பு இந்தச் சாதாரண வீரர்களிடம்தான் இருக்கிறது.

இனி மூட்டுகளைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் வேலூரில் இவற்றைப் பாதுகாப்பவருக்கு இதைவிடப் பெரிய செய்தி வேறில்லை. உடலின் கடினப் பகுதிகள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்காலும், கவசம், தலை, கை, ஆயுதம் போன்றவை மென்மையான பிவிசியாலும் ஆனவை. பிவிசியை நெகிழ வைக்கச் சேர்க்கப்படும் பொருள் வெப்பத்தில் மெல்ல மேற்பரப்புக்கு வந்து பிசுபிசுப்பாகப் படியும். சித்திரையிலும் வைகாசியிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மேற்குச் சுவரை ஒட்டிய மூடிய அலமாரிக்குள் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காற்று புகாத நெகிழிப் பையில் இட்டு மூடுவது பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் பிசுபிசுப்பை வேகப்படுத்துகிறது. திறந்த தட்டில், நேர் வெயில் படாத உள்சுவரில் வைத்து, எப்போதாவது வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் சில துளிகள் விட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும். மென்மையான பிவிசியை மற்றப் பிளாஸ்டிக்கின் மேல் மாதக்கணக்கில் அழுத்திக் கிடக்க விடக்கூடாது என்பதால், உதிரித் தலைகளையும் கைகளையும் நான் காகிதம் விரித்த தட்டையான பெட்டிகளில் தனித்தனியாக வைக்கிறேன்.

வெப்பத்தின் இரண்டாவது விளைவு சாய்வு. கேடயமும் கனமான தோள்கவசமும் ஏந்திய வீரன் கோடை முழுவதும் ஒரே நிலையில் நின்றால் கணுக்கால் மெல்ல இளகி, ஒருநாள் முன்னால் விழுகிறான். விழும்போது பக்கத்து வரிசை முழுவதையும் தள்ளிவிடுகிறான். பாதத்தின் அடியிலுள்ள துளைக்கு ஏற்ற தாங்கு தட்டு இல்லாமல் எந்தப் பெரிய உருவத்தையும் இங்கே நிறுத்த வேண்டாம். வளைந்துபோன வேல், வாள் ஆகியவற்றைக் கொதித்து இறக்கிய நீரில் சற்று நேரம் அமிழ்த்தி, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் பிடித்தால் நிமிர்ந்துகொள்ளும்.

உறுப்புகளைப் பிரிப்பதற்கும் இதே வெந்நீர்தான். முளையின் மேல் வண்ணம் பூசப்பட்டிருந்தால் அந்தப் பூச்சின் கனமே குழிக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த நிலையில் திருகினால் மூட்டு திரும்பாது, முளைதான் முறுக்கி ஒடியும். நான் வாங்கிய ஒரு தொகுப்பில் பல வீரர்களின் மணிக்கட்டு முளைகள் இப்படி இறுகியே வந்தன. வெந்நீரில் இளக்கி, நேராக இழுத்தெடுத்து, பூச்சைச் சுரண்டிய பிறகே அவை மாற்று உறுப்புகள் என்ற பெயருக்குத் தகுதி பெற்றன. ஒடிந்த முளைக்கு மாற்றாக, கைத்துளைப்பானால் இரு பக்கமும் மெல்லிய துளையிட்டுப் பித்தளைக் கம்பித் துண்டை நிறுத்தினால் அது பழைய முளையைவிட நன்றாக உழைக்கிறது. தளர்ந்த மூட்டுக்கு வெள்ளைப் பசையை முளையில் மெல்லிய படலமாகத் தடவி, முழுவதும் உலர்ந்த பின் பொருத்துவது போதுமானது. இறுக்கமான மூட்டுக்குச் சிலிக்கோன் எண்ணெய் மட்டுமே ஏற்றது. வீட்டில் கைக்கெட்டும் தையல் மெஷின் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டவே வேண்டாம். முன்னது சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் உண்டாக்கும். பின்னது நாள்பட்டால் பசையாகித் தூசியை இழுக்கும்.

மூட்டு நன்றாக அமைந்துவிட்டால் பிறகு கிடைக்கும் சுதந்திரம் பெரிது. நம் பகுதிக் கூத்தில் கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும் மாறினால் அதே கலைஞர் வேறொரு அரசராகி வருவதைப் போல, இங்கே உடல் மாறாமல் அணிகலன்களே ஆளை மாற்றுகின்றன. ஒரு படையின் சீருடையை மார்பும் கால்களும் சொல்லட்டும். தலையும் கையும் ஆளைச் சொல்லட்டும். எல்லா உறுப்புகளையும் ஒரே நேரத்தில் கலைத்துப் போட்டால் கிடைப்பது சந்தைக் கூட்டம்தானே தவிரப் படை அன்று. என் வரிசைகளில் மார்புக் கவசத்தையும் வண்ணத்தையும் நான் தொடுவதே இல்லை. தலைக்கவசம் இரண்டு அல்லது மூன்று வகை, இடதுகை நிலை இரண்டு வகை, அங்கங்கே தோள்கவசம் இல்லாத ஒருவன், கொடி தாங்குபவன் ஒருவன், காயக்கட்டு கட்டியவன் ஒருவன் என்று மிதமாக மாற்றுகிறேன். கூடுதல் கைகளும் தலைகளும் அடங்கிய உதிரிப் பொதி ஒன்று, முழு உருவங்கள் மூன்று வாங்கியதைவிட அதிக வேற்றுமையைத் தருவதை நான் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன்.

இந்த முறையின் முழுப் பயனையும் நான் உணர்ந்தது, 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்களை 1:18 அளவில் வரிசையாக அமைக்கத் தொடங்கியபோதுதான். அந்தக் கிளர்ச்சிக்கே தலையணி ஒரு காரணம். சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் 1805 நவம்பரில் பிறப்பித்த ஆணைகளின்படி, சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறியிடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தலைப்பாகைக்கு மாற்றாகத் தோல் குஞ்சம் வைத்த வட்டத் தொப்பியை அணிய வேண்டும் என்றானது. ஆகவே ஒரே சிவப்புக் கோட்டு உடல்களில் தலைகளை மட்டும் மாற்றினாலே அந்த வரலாற்றின் இரு நிலைகளையும் காட்டிவிடலாம்: தாடியும் காதணியும் தலைப்பாகையும் கொண்ட பழைய சிப்பாய், மழித்த முகத்தோடு புதிய தொப்பி அணிவிக்கப்பட்ட சிப்பாய். இராணுவச் சீருடையுள்ள உடல்களுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, வெறும் தலைகளின் மேல் எம்-சீல் கொண்டு தலைப்பாகைச் சுற்றுகளை உருவாக்கினேன். குஞ்சத்துக்கும் குறுக்குப் பட்டைகளுக்கும் வேண்டிய தோலை, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் என் அத்தை மகன் கொண்டுவந்து கொடுத்தார். லைனிங்குக்குப் பயன்படும் மெல்லிய ஆட்டுத் தோலின் வெட்டுத் துண்டுகள், இந்த அளவுக்கென்றே சீவியவை போல அமைந்தன. பிளாஸ்டிக்கில் வார்த்த பட்டை எந்த வீரன்மேலும் இந்தத் தோல் பட்டை போல் படிந்து உட்காராது. தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த நம் மாவட்டங்களில் இருக்கும் சேகரிப்பாளர்கள் எல்லோரும் இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

கோட்டையில் இருந்த சிப்பாய்கள் சுமார் 1,500 பேர். அந்த எண்ணிக்கையை வீட்டில் யாரும் எட்ட முடியாது, எட்டவும் தேவையில்லை. அங்கிருந்த இரு சிப்பாய் ரெஜிமென்ட்டுகளின் ஆட்களையும் காட்டும் ஒரு சிறு பிரிவு, மைசூர் சுல்தானகத்தின் கொடியை ஏற்றும் இருவர், வாயிலில் காவல் நிற்கும் சிலர் என்பதே நிகழ்வைச் சொல்லிவிடுகிறது. ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி அழைத்துவந்த 19ஆம் லைட் டிராகூன் குதிரைப்படையை அமைக்க இன்னும் குதிரைகள் வேண்டும். 1:18 அளவில் தனியே நல்ல குதிரை கிடைப்பதுதான் இந்தத் துறையில் எனக்கு இருக்கும் ஒரே பெரிய ஏக்கம்.

அளவைத் தேர்ந்தெடுப்பதும் இதையொட்டியதே. 1:18 வீரன் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரம். நெருக்கமாக நிறுத்தினால் ஒருவனுக்கு 5 சென்டிமீட்டர் அகலம் போதும், எனவே 90 சென்டிமீட்டர் தட்டில் ஒரு வரிசைக்குப் பதினெட்டுப் பேர் நிற்கலாம். 1:12 அளவு உருவங்கள் அழகிலும் செதுக்கல் நுணுக்கத்திலும் மேலானவை. ஆனால் தோள்கவசங்களோடு ஒருவனுக்கு 9 அல்லது 10 சென்டிமீட்டர் தேவைப்படுவதால் அதே தட்டில் பாதிப் பேர்தான் அடங்குவார்கள், பின்வரிசையில் நிற்பவர்கள் முகம் தெரியாமல் மறைந்துவிடுவார்கள். பின்வரிசைக்குப் படி போன்ற உயர மேடை அமைத்தால் குறை தீரும். நவராத்திரிக் கொலுப் படியின் சிறு வடிவத்தைத் தச்சரிடம் செய்வித்து வைத்திருக்கிறேன்.

செலவைப் பொறுத்தவரை, பொம்மைகளின் இறக்குமதிச் சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தரச்சான்று கட்டாயமானது. இவற்றோடு, சிறு நிறுவனங்கள் முன்பதிவு முறையில் விற்பதால் பணம் கட்டிய பிறகு ஓராண்டுக்கும் மேல் காத்திருக்க நேரலாம். இவ்வளவும் சேர்ந்து, முழு உருவங்களை எண்ணிக்கைக்காக வாங்குவதை இங்கே ஏறக்குறைய இயலாததாக்குகின்றன. மாற்று உறுப்பு முறையின் சிறப்பும் இதனாலேயே கூடுகிறது.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் ஒரே வரிசையின் சாதாரண வீரர்கள் இருவரை மட்டும் வாங்கி, இருவரின் தலைகளையும் கைகளையும் ஒருவருக்கொருவர் மாற்றிப் பொருத்தி, அப்படியே ஒரு பங்குனியிலிருந்து ஆனி வரை அலமாரியில் நிற்க விடட்டும். வெயில் தணிந்த பிறகு மூட்டு இறுகாமலும் தளராமலும் சாயாமலும் இருந்தால், அந்த வரிசையின் உதிரிப் பொதிகளை முதலிலும் மற்ற உடல்களைப் பிறகும் வாங்கலாம். இல்லையென்றால், அதன் செதுக்கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இருவரோடு நிறுத்திக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விடலாம்.