தேன்சிட்டு எது எது? முதலில் அலகு, அப்புறம் நிறம்

செம்பருத்திச் செடியில் விரல் நீளப் பறவை ஒன்று தொங்கித் தேன் குடித்தால், தமிழ்நாட்டுச் சமவெளியில் அது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போனால் சிறு தேன்சிட்டும் சேர்ந்துகொள்ளும். இவற்றை ‘ஹம்மிங் பேர்ட்’ என்று பகிர்வது தவறு. அந்தக் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையில் கிடையாது. தேன்சிட்டு அவ்வப்போது சிறகடித்து அந்தரத்தில் நிற்கும். ஆனால் காம்பைப் பற்றி உட்கார்ந்து குடிப்பதே அதன் வழக்கம்.

குழப்பத்துக்குக் காரணம் நிறம்தான். ஆணின் பளபளப்பு சாயம் அல்ல. இறகிழைகளில் அடுக்கடுக்காக உள்ள நிறமித் துகள்கள் ஒளியைத் திருப்பி அனுப்பும் கோணத்தால் வருவது. வெயில் எதிரே இருந்தால் எல்லாமே கறுப்பு. பறவை தலையைத் திருப்பினால் அதே இறகு ஊதா, நீலம், பச்சை. எனவே வெயிலை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுங்கள். முதலில் பார்க்க வேண்டியது அலகு.

லோட்டனின் அலகு தலையைவிடத் தெளிவாக நீளம், அரிவாள் போல் வளைந்தது. பறவையும் சற்றுப் பெரிது, சுமார் 13 செ.மீ. மற்ற இரண்டும் 10 செ.மீ. அளவு, ஊதாத் தேன்சிட்டின் அலகு நடுத்தரம், ஊதாப்பிட்டத்தின் அலகு குட்டை.

ஆண்களில் ஊதாப்பிட்டம் எளிது. மார்பில் அரக்குப் பட்டை, அதற்குக் கீழே மஞ்சள், விலாவில் வெளுப்பு. வயிறு மஞ்சளாகத் தெரிந்த அந்த நொடியே மற்ற இரண்டின் முழுநிற ஆண்களும் போட்டியிலிருந்து விலகிவிடும். உண்மையான சிக்கல் ஊதாவுக்கும் லோட்டனுக்கும் இடையில். இரண்டும் தூரத்தில் கருநீலம். லோட்டனின் வயிறு மங்கிய புகைப் பழுப்பு, மார்பில் அரக்குப் பட்டை. ஊதாவின் வயிறு கருமை. நிழற்படத்தில் இந்தப் பழுப்பு இருட்டில் தொலைந்துபோகும். வானம் பின்னணியாக இருந்தால் எக்ஸ்போஷரை (கேமராவில் பதியும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூட்டி எடுத்தால்தான் வயிறு தெரியும்.

இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஊதா ஆண் தன் பளபளப்பைக் கழற்றிவிடும். அப்போது அது பெட்டை போல மஞ்சளாக இருக்கும், தொண்டையிலிருந்து வயிறு வரை நடுவில் ஒரு கருங்கோடு மட்டும் ஓடும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதை வேறொரு இனம் என்று குறித்துக்கொள்வது வாடிக்கை. ஊதாப்பிட்ட ஆணுக்கு இந்த மாற்றம் இல்லை. ஆண்டு முழுவதும் அதே உடை.

பெட்டைகளுக்குத் தொண்டையைப் பாருங்கள். தொண்டை வெளுப்பு, மார்பு மஞ்சள் என்று இரண்டு நிறமானால் ஊதாப்பிட்டம். தொண்டையும் மஞ்சளாகி, கண்ணுக்கு மேல் மெல்லிய வெளிர்ப் புருவம் இருந்தால் ஊதா. புருவம் இல்லாமல் அலகு நீண்டிருந்தால் லோட்டன்.

இடமும் துணைக்கு வரும், ஆனால் அளவோடுதான். பூத்த கல்யாண முருங்கை ஒன்றில் மூன்றும் ஒரே காலையில் வந்துபோகலாம். ஊதா வறண்ட முட்புதர்க் காட்டையும் திறந்த வெளியையும் தாங்கும். லோட்டனுக்கு மரங்கள் அடர்ந்த தோட்டமும் காட்டோரமும் வேண்டும், சிலந்தியும் பூச்சியும் நிறையப் பிடிக்கும். ஊதாப்பிட்டம் வீட்டுத் தோட்டத்துப் பறவை, அடர்காட்டின் உள்ளே போகாது. லோட்டன் தீபகற்ப இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரியது. ஆகவே தில்லியில் கண்ட கருநீலத் தேன்சிட்டை லோட்டன் என்று எழுதாதீர்கள். (பெயர் வந்தது 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனிடமிருந்து.)

சிறு தேன்சிட்டு விஷயத்தில்தான் இடம் பெரிய சாட்சி. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. கடலோர நகரத்தில் பார்த்தேன் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அது ஊதாப்பிட்டம்தான். சிறு தேன்சிட்டுக்கு 8 செ.மீ. உடல், ஆணின் முதுகில் குங்குமச் சிவப்பு. மலையடிவாரத் தோட்டங்களில் இரண்டும் கலந்து திரியும்போது பெட்டையின் பிட்டத்தைப் பாருங்கள்: சிறு தேன்சிட்டின் பெட்டைக்கு அங்கே சிவப்பு உண்டு, ஊதாப்பிட்டத்தின் பெட்டைக்கு இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பெட்டை பிடிபடவில்லையா? சிலந்தி நூலால் கட்டித் தொங்கும் பை போன்ற கூட்டில் குஞ்சு இருந்தால், இலையை விலக்காமல் தள்ளி நின்று காத்திருங்கள். குஞ்சுக்கு இரை ஊட்ட ஆணும் வரும். அதன் வயிற்றைப் பார்த்தால் போதும்.