பொறியியல் கவுன்சலிங் தளம்: கணக்கு கச்சிதம், கைகாட்டிதான் இல்லை

தமிழ்நாட்டில் பொறியியல் படிக்க நினைக்கும் பிளஸ் டூ மாணவருக்குக் கல்லூரி வாசலைவிட முதலில் பழக்கமாகும் இடம் டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) இணையதளம்தான். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இந்தக் கவுன்சலிங்கில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் நிரம்புகின்றன. பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. மாணவர்களுக்கு 250. இடம் ஒதுக்கும் முறைக்குப் பத்துக்கு 9 தாராளமாகப் போடலாம், வழிகாட்டலுக்கு 4 தேறினால் அதிகம். விருப்பக் கல்லூரிப் பட்டியலில் நீங்கள் என்ன எழுதினீர்களோ அதைத்தான் தளம் கொடுக்கும். தப்பாக எழுதியிருந்தால் தப்பானதையும் பிசகாமல் கொடுக்கும்.

2017 வரை கவுன்சலிங்குக்குக் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது. அப்பா, அம்மா, மாமா என்று ஒரு படையே கூட வரும். அலைச்சல்தான், ஆனால் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் தெரியும். பார்த்து ஒன்றைச் சொன்னால் வேலை முடிந்தது. 2018-ல் ஆன்லைனுக்கு மாறியபோது அலைச்சலோடு அந்தத் திரையும் போயிற்று. உங்கள் முறை வரும்போது என்ன மிஞ்சியிருக்கும் என்று தெரியாமலே இப்போது பட்டியல் கொடுக்க வேண்டும். பலர் இன்னும் பழைய நினைப்பிலேயே ஐந்தாறு கல்லூரியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ரேங்க்கைத் தீர்மானிக்கும் கட்-ஆஃப் மதிப்பெண்ணின் கணக்கு எளிது. கணிதம் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு, மொத்தம் 200. கணிதம் 92, இயற்பியல் 86, வேதியியல் 91 என்றால் 92 + 43 + 45.5 = 180.5. அதாவது கணிதத்தில் போகும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் போகும் இரண்டுக்குச் சமம். கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள்; எதிலும் பிரியாவிட்டால்தான் கடைசியில் கணினி குலுக்கிக் கொடுக்கும் ரேண்டம் எண்.

ஒவ்வொரு இடமும் போன வருடம் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்பதைத் தளத்திலேயே சாதிப் பிரிவுவாரியாகப் பார்க்கலாம். நல்ல வசதி, ஆனால் அதை அப்படியே நம்பினால் ஏமாற்றம்தான். வினாத்தாள் எளிதாக வந்த வருடத்தில் 180.5-க்கு வரும் ரேங்க் ஒன்று, கடினமாக வந்த வருடத்தில் வேறொன்று. அதனால் கட்-ஆஃபை விட்டுவிட்டு, போன வருடம் அந்த இடம் எந்த ரேங்க்கில் முடிந்தது என்று தேடுங்கள். பொது ரேங்க், சாதிவாரி ரேங்க் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பதிவு செய்யும்போது பிரவுசிங் சென்டர்காரர் தன் செல்போன் எண்ணைப் போட்டுவிட்டால், பிறகு ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் அவர் கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சாதிச் சான்றிதழும், தேவைப்படுவோருக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழும் ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவையில் விண்ணப்பித்து வாங்கியிருக்க வேண்டும். ரிசல்ட் வந்தபின் எல்லோரும் ஒரே நாளில் போய் நிற்பார்கள். அண்ணனோ அக்காவோ பட்டம் வாங்கியிருந்தால் முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. சந்தேகம் இருந்தால் கவுன்சலிங்குக்கென்றே உள்ள சேவை மையங்களுக்குப் போகலாம். மாநிலம் முழுக்க 100-க்கு மேல் இருக்கின்றன, பதிவுக்கும் உதவுகிறார்கள்.

கல்லூரியையும் பிரிவையும் விருப்ப வரிசையில் பட்டியலிடும் சாய்ஸ் ஃபில்லிங்கில்தான் மொத்த விஷயமும் அடங்கியிருக்கிறது. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கணினி கொடுத்துவிடும். கிடைக்காது என்று நினைக்கும் கல்லூரியை மேலே போட்டால் எந்த நஷ்டமும் இல்லை. ‘இதாவது உறுதியாகக் கிடைக்கட்டும்’ என்று உள்ளூர்க் கல்லூரியை முதலில் வைப்பதுதான் நஷ்டம்: அது கிடைத்த கணமே கீழே உள்ளதைக் கணினி திரும்பியும் பார்க்காது. ஆசைப்படுவதை மேலே, ரேங்க்குக்குப் பொருந்துவதை நடுவே, நிச்சயம் கிடைப்பதைக் கீழே என்று போடுங்கள். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. நடு ரேங்க் மாணவருக்கு ஐம்பது, அறுபது வரி கூட அதிகம் இல்லை. சேர மனமில்லாத கல்லூரியை மட்டும் ‘சும்மா இருக்கட்டும்’ என்று எந்த வரியிலும் போடாதீர்கள்.

கல்லூரி, பிரிவுகளின் கோடு (code) எண்களைப் பேப்பரில் எழுதிச் சரிபார்த்த பிறகே தட்டச்சு செய்யுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் சென்னை வளாகங்களுக்கே தனித்தனி எண்: கிண்டி 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி. 4. பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகள் வேறு, தனி நிர்வாகத்தில் அதோடு இணைந்திருக்கும் இணைப்புக் கல்லூரிகள் வேறு. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., செயற்கை நுண்ணறிவு எல்லாம் தனித்தனிப் பிரிவு, ஒவ்வொன்றும் ஒரு வரி. அரசு உதவிபெறும் கல்லூரியில் அதே பிரிவு சுயநிதியிலும் இருந்தால் அதற்குத் தனிக் கோடு, கட்டணமும் அதிகம். தமிழ் வழி சிவில், மெக்கானிக்கலும் தனிக் கோடுதான்.

கல்லூரி எப்படி என்பதைத் தளம் சொல்லாது. இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அந்த விகிதத்தோடு அவற்றை ஒப்பிட முடியாது. காசு வாங்கிக்கொண்டு பட்டியல் போட்டுத் தரும் ‘கன்சல்டன்ட்’ ஆட்களைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். யூசர் ஐ.டி., பாஸ்வேர்டு அவர்கள் கையில் போனால் பட்டியலும் அவர்கள் இஷ்டம்தான்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்யக் குறுகிய அவகாசம்தான் கிடைக்கும். தவறவிட்டால் இடம் போயிற்று. ‘ஏற்றுச் சேர்கிறேன்’ என்று கொடுத்தால் குறித்த நாட்களுக்குள் கல்லூரியில் பணம் கட்டிச் சேர வேண்டும். ‘ஏற்று மேல் நகர்வு’ கேட்டால் சேவை மையத்தில் கட்டணம் கட்டிவிட்டுக் காத்திருக்கலாம். யாராவது சேராமல் விட்டால் உங்களுக்கு மேல் இடம் வரும். மேல் என்றால் உங்கள் பட்டியலில் மேல். 12-வது வரி கிடைத்தவருக்கு 7-வது காலியானால் அங்கே மாற்றிவிடுவார்கள், 12-வது இடம் திரும்ப வராது. ஆகவே அந்தப் பொத்தானை அழுத்துமுன் மேலே இருக்கும் பதினொன்றையும் ஒருமுறை வாசியுங்கள்.

சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டுக் கல்விக் கட்டணத்தை 2017-ல் ஆண்டுக்கு 50,000, தர அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000 என்று நிர்ணயித்தார்கள். பேருந்து, விடுதி, ‘இதர’ என்று தனி ரசீது வரும், போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருபவருக்குப் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். பதிவுப் படிவத்தில் வகுப்புவாரியாகப் பள்ளி விவரம் கேட்பது அதற்காகத்தான், அந்தக் கட்டங்களை அவசரத்தில் நிரப்பாதீர்கள்.