அந்திப் படகும் தேயிலை ருசியும்: கிரகரியா, கண்டியா, காசல்ரீயா, மவுஸ்ஸாகலையா?

மலையகத்தில் அந்திநேரப் படகு என்றதும் கொழும்புச் சொந்தக்காரர்கள் நுவரெலியா கிரகரி வாவியைத்தான் கேட்பார்கள். கூடவே, "வைன் ருசி பார்க்கிற மாதிரி ஏதாவது உண்டா?" என்றும் ஒரு கேள்வி வரும். இங்கே வைன் திராட்சைத் தோட்டம் கிடையாது. ஊரில் விளைந்ததை ஊரிலேயே ருசி பார்ப்பதென்றால் தேயிலைதான். உயரமும் காற்றும் மாற மாற ருசி மாறுவதில் அது வைனுக்குச் சளைத்ததல்ல.

கிரகரி வாவி 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் உருவானது. அன்னப்பறவைப் படகு, மோட்டார் படகு, கரையில் குதிரைச் சவாரி, அவித்த சோளம் என்று பிள்ளைகளுக்குக் குறையே இல்லை. அந்திச் சூரியனுக்கு மட்டும் இது பொருந்தாது. மேற்கே மலை உயர்ந்து நிற்பதால் வெயில் சீக்கிரமே ஒளிந்துகொள்ளும், பின்னேரங்களில் மூடுபனியும் இறங்கும். ஏப்ரல் சீசனில் படகைவிட வரிசைதான் நீளம். தேயிலைக்கு வந்தால் கதை வேறு. பக்கத்திலேயே பீட்ரு தோட்டம்; வெளிர் பொன்னிறத்தில், பூ வாசனையோடு வரும் அந்தத் தேத்தண்ணியில் பால் ஊற்றுவது பாவம். கண்டி வீதியால் வருகிறவர்களுக்கு லபுக்கலைத் தேயிலைத் தோட்டமும் இருக்கிறது, ஆனால் அங்கே கூட்டத்தோடு கூட்டமாகக் குடித்துவிட்டு நகர வேண்டியதுதான்.

கண்டி வாவியை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த அழகான நீர்நிலை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சுற்றிலும் வாகன இரைச்சல். கண்டிக்குப் போனால் ஹந்தானையில் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தைப் பாருங்கள், படகை விடுங்கள்.

உண்மையான போட்டி ஹட்டனுக்கு அப்பால். காசல்ரீயும் மவுஸ்ஸாகலையும் மின்சாரத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள். முதலாவதன் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கும் இரண்டாவதன் தண்ணீர் கெனியன் மின்நிலையத்துக்கும் போகிறது. கிரகரி மாதிரி டிக்கெட் வாங்கி ஏறுகிற வசதியை எதிர்பார்க்காதீர்கள். தங்குமிடத்தில் முன்கூட்டியே பேசி வைப்பதுதான் வழி. உயிர்காப்பு அங்கி இல்லையென்றால் ஏறவே வேண்டாம், ஆழம் விளையாட்டல்ல.

காசல்ரீயில் தேயிலைச் சரிவு நேரே தண்ணீருக்குள் இறங்குகிறது. பழைய தோட்டத் துரைமார் பங்களாக்களில் தங்கவைத்து, தொழிற்சாலையையும் காட்டி, ருசி பார்க்கவும் வைக்கும் சிலோன் டீ ட்ரெயில்ஸ் இந்தப் பக்கம்தான். படகும் தேயிலையும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் இதை அடிக்க ஆளில்லை. விலையைக் கேட்டால் நம்மில் பலருக்குத் தேத்தண்ணி தொண்டையில் நிற்கும். நோர்வூட், டிக்கோயா பக்கம் சாதாரண விடுதிகளில் தங்கிக்கொண்டு தொழிற்சாலையில் தனியாக அனுமதி கேட்பது நம் பைக்கு ஏற்றது.

என் தெரிவு மவுஸ்ஸாகலை. 2,243 மீட்டர் சிவனொளிபாதமலை அதற்கு மேற்குப் பக்கமாக நிற்கிறது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து மலைப்பக்கமே இறங்கும். யாத்திரைக் காலம் என்பதால் இருட்டியதும் பாதை விளக்குகள் ஏறுவரிசையில் தெரியும். பழைய மஸ்கெலியா நகரம் இந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. வரட்சியில் நீர் வற்றினால் மூழ்கிய கோயிலின் கற்கள் மேலே வரும், ஆட்கள் நடந்துபோய்க் கும்பிடுவார்கள். படகுக்கு அது நல்ல செய்தியல்ல. நீர் குறைந்த நாளில் செம்மண் கரையில் நெடுந்தூரம் இறங்க வேண்டும்.

இடத்தைவிட மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவுகளில் குளிர்ந்த வறண்ட காற்று. கொழுந்து மெதுவாக வளர்ந்து வாசனை கூடும், ஹட்டன் பக்கத்துத் திம்புள தேயிலைக்கும் நுவரெலியா தேயிலைக்கும் அதுவே உச்சகாலம். வானம் வெளிக்கிற மாதங்களும் அவைதான். பெப்ரவரியில் பொழுது சாய ஆறே கால் தாண்டும். ஐந்து மணிக்கே ஏறி இருட்டுமுன் கரை சேரலாம். ருசி பார்ப்பதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். காரசாரமாகச் சாப்பிட்ட நாக்குக்கு பீஓபி என்ற உடைந்த இலைத் தரத்துக்கும் டஸ்ட் என்ற தூள் தரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கொதிநீரில் ஐந்தாறு நிமிடம் ஊறியதைப் பாலில்லாமல், வெட்கப்படாமல் சத்தமாக உறிஞ்ச வேண்டும். காற்றோடு சேர்ந்தால்தான் வாசனை மூக்குக்கு ஏறும். வடித்த இலையையும் பாருங்கள், பளிச்சென்ற செப்பு நிறம் நல்ல அடையாளம்.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை வருகிறவர்கள் ஹட்டன் பக்கம் படகுக்குப் பணம் கட்ட வேண்டாம், மழை விடாது. அதே பருவக்காற்று மலையைத் தாண்டி ஊவாவில் வறண்ட கச்சான் காற்றாக வீசும்போதுதான் பதுளை, ஹப்புத்தளைத் தேயிலைக்கு அந்தத் தனி வாசனை ஏறுகிறது. தேயிலை வணிகர் தோமஸ் லிப்டனின் தம்பேதன்னைத் தொழிற்சாலைக்குப் போங்கள். அங்கே ஏரி இல்லை.