புரோட்டோகாலுக்குப் பின்னால் இருப்பது அதே ஆப்ஜெக்ட்தானா?

ஸ்விஃப்ட் நிரல் மொழியில் 'லிசனர்' என்று ஒரு புரோட்டோகால் (ஒரு வகை என்னென்ன செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம்) எழுதி, அந்த வகையில் வருபவற்றையெல்லாம் ஓர் அரேயில் சேர்த்து வைக்கிறோம். பிறகு ஒன்றை மட்டும் நீக்க === (இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று பார்க்கும் குறி) போட்டுத் தேடினால் கம்பைலர் மறுக்கிறது. நியாயம்தான். அந்தக் குறி கிளாஸ் ஆப்ஜெக்ட்களுக்கானது. புரோட்டோகாலுக்குப் பின்னால் ஸ்ட்ரக்ட்கூட (தனி அடையாளம் இல்லாமல், கொடுக்கும்போது நகலாகும் வகை) ஒளிந்திருக்கலாமே.

உடனே கை போவது, இரு பக்கமும் 'ஆஸ் ஏனிஆப்ஜெக்ட்' ('இதை ஏதோ ஒரு கிளாஸ் ஆப்ஜெக்டாக எடுத்துக்கொள்' என்ற வகை மாற்றம்) சேர்ப்பதற்கு. கம்பைல் ஆகிவிடும். சிக்கலே அதுதான், இந்த மாற்றம் எதையும் மறுக்காது. ஸ்ட்ரக்டைக் கொடுத்தால் ஒரு பெட்டிக்குள் போட்டுப் பெட்டியைத் தரும். அடுத்த முறை வேறு பெட்டி. நான் இதில் நன்றாகவே மாட்டியிருக்கிறேன். லாக் எழுதும் லிசனர் ஒன்று ஸ்ட்ரக்டாக இருந்தது. திரையை மூடும்போது நீக்கும் வரி ஒழுங்காக ஓடியது, பிழை ஏதும் இல்லை, எதுவும் நீங்கவும் இல்லை. மூன்றாம் முறை திரையைத் திறந்தபோது லாகில் ஒரே வரி மூன்று தடவை! 'ஆஸ்?' (முடியாவிட்டால் வெறுமை தரும் மாற்றம்) போட்டால் வடிகட்டும் என்று நம்ப வேண்டாம், அதுவும் எல்லாவற்றையும் உள்ளே விடும்.

இதற்குப் பதில் புரோட்டோகாலின் பெயருக்குப் பக்கத்திலேயே ': ஏனிஆப்ஜெக்ட்' என்று எழுதிவிட்டால் === நேராக வேலை செய்யும். 'வீக்' ஆகவும் (ஆப்ஜெக்டைப் பிடித்து வைக்காமல்) வைத்துக்கொள்ளலாம். பழைய நிரல்களில் இதே இடத்தில் 'கிளாஸ்' என்று இருக்கும். ஸ்விஃப்ட் 4 முதல் ஏனிஆப்ஜெக்ட்தான். ஸ்ட்ரக்ட்களுக்கு வாசல் அடைபடும், அது ஒன்றுதான் விலை. லிசனர், டெலிகேட் போன்றவற்றுக்கு எனக்கு அது விலையாகவே தெரியவில்லை.

டிக்ஷனரியில் சாவியாக வைக்க வேண்டுமானால் ஆப்ஜெக்ட்ஐடென்டிஃபையர் (ஆப்ஜெக்டின் முகவரியை வைத்துத் தரும் அடையாளம்) வசதி. ஆனால் அது ஆப்ஜெக்டைப் பிடித்து வைத்திருக்காது. ஆப்ஜெக்ட் போன பின் அதே முகவரியில் வேறொன்று வந்து உட்கார்ந்தால் இரண்டுக்கும் ஒரே அடையாளம் ஆகிவிடும்.

ஈக்வேட்டபிள் (== போட விடும் புரோட்டோகால்)? அது வேறு கேள்விக்குப் பதில். உள்ளடக்கம் ஒன்றா என்று பார்க்கும், ஆள் ஒன்றா என்று பார்க்காது. தவிர, ஸ்விஃப்ட் 5.7-இல் 'எனி' (புரோட்டோகாலையே வகையாக வைக்கும் சொல்) எவ்வளவோ தளர்ந்த பிறகும் இரண்டு 'எனி லிசனர்'களுக்கு நடுவே நேராக == போட முடியாது. ஸ்ட்ரக்டும் வேண்டும், அடையாளமும் வேண்டும் என்றால், புரோட்டோகாலிலேயே யூயூஐடி (ஒவ்வொன்றுக்கும் தனியாக உருவாகும் அடையாள எண்) வகையில் ஓர் 'ஐடி' கேட்டு வாங்கிவிடலாம்.

அந்த லாக் லிசனரை ஃபைனல் கிளாஸாக மாற்றினேன். அப்புறம் புரோட்டோகாலில் ': ஏனிஆப்ஜெக்ட்' சேர்த்ததும், கம்பைலர் இன்னும் இரண்டு ஸ்ட்ரக்ட்களைக் காட்டிக்கொடுத்தது.